‘வந்திருக்கிறேன்’ எந்தக் காலம்?

திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனங்களிலிருந்தும் கோவை பம்ப்செட் ஆலைகளிலிருந்தும் வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் போகும் மின்னஞ்சல்களில் மூன்று வகை வாக்கியங்கள் திரும்பத் திரும்பத் தலைகாட்டும். ‘ஐ ஹேவ் சென்ட் தி சாம்பிள் எஸ்டர்டே’ என்பது ஒன்று. ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃப்ரம் 2015’ என்பது இன்னொன்று. ‘வி வில் டெஸ்ட் எவ்ரி பம்ப் பிஃபோர் டிஸ்பாட்ச்’ மூன்றாவது. முதல் இரண்டும் ஆங்கில வழக்குக்கு ஒவ்வாதவை. மூன்றாவதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் எழுதியவர் சொல்ல வந்தது ஒன்று, படிப்பவர் எடுத்துக்கொள்வது வேறு. எழுதுகிறவர்களோ ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலத்தைப் பாடமாகப் படித்த பட்டதாரிகள். ஆகவே ‘ஒழுங்காகப் படிக்கவில்லை’ என்ற விளக்கம் போதாது. அதே மூன்றையும் நம் பேச்சில் சொல்லிப் பாருங்கள்: ‘நேத்தே சாம்பிள் அனுப்பியிருக்கறனுங்க’, ‘2015ல இருந்து இங்கதானுங்க வேலை பார்க்கறேன்’, ‘ஒவ்வொரு பம்ப்பையும் டெஸ்ட் பண்ணித்தானுங்க அனுப்புவோம்’. மூன்றும் பழுதற்ற தமிழ். இந்த அத்தியாயம் முன்வைக்கும் வாதம் இதிலிருந்துதான் தொடங்குகிறது. ஆங்கில நிகழ்காலங்களில் நாம் சறுக்குவது அட்டவணையை மறந்ததால் அல்ல. நம் வினைமுற்றுகளை ஆங்கில வடிவங்களோடு தவறாக ஜோடி சேர்த்து வைத்திருப்பதால்தான் சறுக்குகிறோம். சறுக்கும் இடங்கள் நாலைந்துதான்; அவற்றை அடையாளம் கண்டால் பன்னிரண்டு கட்டங்களை மனப்பாடம் செய்யும் தேவை பெரும்பாலும் போய்விடும்.

அந்தப் பன்னிரண்டு கட்டங்களைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். 1930களில் வெளிவந்த ரென் அண்டு மார்ட்டின் இலக்கண நூலும், அதன் வழியில் வந்த எண்ணற்ற கையேடுகளும் அந்த அட்டவணையை நம் பள்ளிகளில் நிலைநிறுத்தின. அதைப் பார்க்கும் மாணவர் மனத்தில் விழும் எண்ணம், தமிழுக்கு மூன்றே காலம், ஆங்கிலத்துக்குப் பன்னிரண்டு, ஆகவே ஒன்பது காலங்களைப் புதிதாகக் கற்கவேண்டும் என்பது. இது கணக்கிடும் முறையால் வந்த மயக்கம். நன்னூல் தந்த பவணந்தி முனிவரைப் பெருந்துறை அருகே உள்ள சீனாபுரத்துக்காரர் என்று கொங்கு நாட்டார் உரிமை கொண்டாடுவார்கள். அவர் இறந்தகாலத்துக்கு நான்கு இடைநிலைகளும், நிகழ்காலத்துக்கு ஆநின்று, கின்று, கிறு என்ற மூன்றும், எதிர்காலத்துக்கு ப், வ் என்ற இரண்டும் சொன்னார். பள்ளிப் பாடம் அங்கேயே நின்றுவிடுகிறது. ஆனால் ‘அனுப்புகிறேன்’ என்று மட்டும் சொல்லி நாம் நாளைக் கடத்துவதில்லை. அனுப்பிக்கொண்டிருக்கிறேன், அனுப்பியிருக்கிறேன், அனுப்பிவிட்டேன், அனுப்பிக்கொண்டிருந்தேன், அனுப்பியிருந்தேன், அனுப்பியிருப்பேன் என்று துணைவினைகளைக் கோத்துக் கோத்துத்தான் பேசுகிறோம். ஆங்கிலமும் இதையேதான் செய்கிறது. அதன் வினைச்சொல் தன் உருவத்தை மாற்றிக் காலம் காட்டுவது ‘கோ’, ‘வென்ட்’ என்ற இரண்டில்தான். மற்றதெல்லாம் ‘பி’, ‘ஹேவ்’, ‘வில்’ என்ற துணைவினைகளின் வேலை. துணைவினை சேர்ந்த வடிவங்களையும் எண்ணினால் தமிழும் பன்னிரண்டைத் தாண்டும். எண்ணாவிட்டால் ஆங்கிலம் இரண்டில் நிற்கும்.

அட்டவணையின் இன்னொரு குறை, எல்லாக் கட்டங்களையும் ஒரே அளவில் போடுவது. 1999இல் லாங்மன் நிறுவனம் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கண நூல், கோடிக்கணக்கான சொற்கள் கொண்ட உண்மையான பேச்சையும் எழுத்தையும் ஆராய்ந்தது. வினைத்தொடர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது சாதாரண வடிவங்களே என்று அது காட்டியது. மீதமுள்ள ஒரு பங்கில்தான் ‘இங்’ சேர்ந்தவையும் ‘ஹேவ்’ சேர்ந்தவையும் அடங்கும். ‘வில் ஹேவ் பீன்’ என்று தொடங்கும் கடைசிக் கட்டத்தை மாணவர்கள் தேர்வுக்கு முந்திய இரவில் உருப்போடுகிறார்கள். அதற்குப் பிறகு வாழ்நாளில் அதைப் பயன்படுத்த வாய்ப்பு வந்தால் அதிசயம். சாதாரண நிகழ்காலமான சிம்பிள் பிரசன்ட்டில் தடுமாறிக்கொண்டே அந்தக் கடைசிக் கட்டத்தைச் சரியாகச் சொல்லும் பட்டதாரிகளை நம் கல்வி முறை உருவாக்கியிருக்கிறது.

ஆகவே சிம்பிள் பிரசன்ட்டிலிருந்தே தொடங்குவோம். பெயரில் நிகழ்காலம் இருப்பதால் அதை நாம் ‘செய்கிறேன்’ என்பதோடு ஜோடி சேர்க்கிறோம். முதல் சறுக்கல் இங்கேதான். ‘காலைல எத்தன மணிக்குங்க எந்திரிப்பீங்க?’ என்று கேட்டால் ‘அஞ்சு மணிக்கெல்லாம் எந்திரிச்சுருவனுங்க’ என்று பதில் வரும். கேள்வியும் பதிலும் இலக்கணப்படி எதிர்காலம். ஆனால் இருவருமே நாளையைப் பற்றிப் பேசவில்லை, அன்றாட வழக்கத்தைப் பேசுகிறார்கள். தமிழில் வழக்கத்தைச் சொல்லும் வேலையைப் பெரும்பாலும் எதிர்கால வினைமுற்றே செய்கிறது. ஆங்கிலத்தில் அந்த வேலை சிம்பிள் பிரசன்ட்டுக்கு உரியது: ‘ஐ கெட் அப் அட் ஃபைவ்’. நம் ‘எந்திரிப்பேன்’ ஆங்கிலத்தில் ‘வில்’ ஆக மாறும்போதுதான் சிக்கல். ‘வி வில் டெஸ்ட் எவ்ரி பம்ப்’ என்ற வாக்கியத்தைப் படிக்கும் ஜெர்மன் வாடிக்கையாளர் அதை இனிமேலுக்கான உறுதிமொழியாக எடுத்துக்கொள்வார். அப்படியானால் இதுவரை சோதிக்கவில்லையா என்ற ஐயமும் அவருக்கு வரலாம். ‘வி டெஸ்ட் எவ்ரி பம்ப் பிஃபோர் டிஸ்பாட்ச்’ என்று எழுதினால் அது ஆலையின் நிரந்தர நடைமுறை என்று விளங்கிவிடும். ஆங்கிலேயரே சில இடங்களில் வழக்கத்துக்கு ‘வில்’ போடுவதுண்டு. ஒருவருடைய குணத்தைச் சற்றுச் சலிப்போடோ செல்லத்தோடோ வருணிக்கும் நடை அது. கற்பவர் அதை நம்பி இறங்கவேண்டாம்.

மறுபுறம், நம் ‘செய்கிறேன்’ ஆங்கிலத்தில் பெரும்பாலும் ‘இங்’ சேர்ந்த பிரசன்ட் கன்டினியூவஸ் ஆகத்தான் போய் நிற்கும். ‘நாளைக்கு வர்றனுங்க’ என்பது ‘ஐ ஆம் கமிங் டுமாரோ’. தொலைபேசியில் ‘என்ன பண்றீங்க?’ என்று நண்பர் கேட்டால் அது ‘வாட் ஆர் யூ டூயிங்?’. கல்யாண மண்டபத்தில் பெரியவர் ஒருவர் ‘தம்பி என்ன பண்றீங்க?’ என்று கேட்டால் அவர் கேட்பது வேலையை. அது ‘வாட் டு யூ டூ?’. தமிழில் ஒரே கேள்வி. இடத்தைப் பார்த்துப் பொருளைப் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலம் அதை இரண்டு வடிவமாகப் பிரித்துவைத்திருக்கிறது. இப்போது, இந்த நாட்களில் நடந்துகொண்டிருப்பது ஒரு பக்கம். எப்போதும் உள்ளது, வழக்கமாக நடப்பது மறுபக்கம்.

இந்தப் பிரிவினை தமிழ் இலக்கணத்துக்கு அந்நியமானது அல்ல. முக்காலத்துக்கும் ஒத்த பொருளை எந்தக் காலத்தால் சொல்வது என்ற கேள்வி நம் இலக்கண ஆசிரியர்களுக்கும் இருந்தது. தொல்காப்பியர் அதற்குச் ‘செய்யும்’ என்ற வாய்பாட்டைக் காட்டினார். பவணந்தியார் நிகழ்காலத்தால் சொல்லலாம் என்றார். ஆங்கில விதி அப்படியே பவணந்தியார் பக்கம் இருக்கிறது. நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் தோன்றுகிறது, காவிரியில் கலக்கிறது. ஆங்கிலத்தில் ‘தி நொய்யல் ரைசஸ் இன் தி வெள்ளியங்கிரி ஹில்ஸ் அண்ட் ஜாயின்ஸ் தி காவேரி’. இங்கே ‘இஸ் ஜாயினிங்’ என்று எழுதினால் ஆறு இன்றைக்கு மட்டும் ஏதோ புதிதாகக் கலக்கப் போவதுபோல் ஒலிக்கும். ‘ஐ ஆம் ஹேவிங் டூ மெஷின்ஸ்’ என்பதும் இதே குடும்பத்துப் பிழை. நம் ‘வைத்திருக்கிறேன்’ என்ற சொல்லில் உள்ள ‘இருக்கிறேன்’ நம்மை ‘ஆம்’, ‘இங்’ பக்கம் இழுக்கிறது. உடைமை, அறிவு, விருப்பம், தேவை போன்ற நிலைகளைச் சொல்லும் ‘ஹேவ்’, ‘நோ’, ‘லைக்’, ‘நீட்’, ‘பிலாங்’ போன்றவற்றுக்கு ‘இங்’ வேண்டாம் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ‘ஹி டெஸ்ட்ஸ்’ என்பதில் வரும் ‘ஸ்’ பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலான வினைமுற்றுகளில் இடமும் எண்ணும் காட்டும் மொழியைப் பேசுகிறவர்களுக்கு ஒரே ஓர் ஓசையை நினைவில் வைப்பது பழக்கத்தின் வேலை.

இனி அதிகம் பயமுறுத்தும் பிரசன்ட் பெர்ஃபெக்ட். ‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’, அதோடு வினையின் மூன்றாம் வடிவம். இதை இறந்தகாலத்தின் ஒரு வகை என்று நினைப்பவர்கள் ஏராளம். ‘முடிந்த செயல்’ என்று நோட்ஸ்கள் சொல்வதும் அந்த எண்ணத்துக்குத் தூபம் போடுகிறது. ஆனால் அதன் முன்னால் நிற்கும் ‘ஹேவ்’ நிகழ்கால வினை. ‘வந்திருக்கிறேன்’ என்பதைப் பிரித்தால் அங்கேயும் இதே கட்டுமானம் தெரியும்: ‘வந்து’ நடந்துமுடிந்தது, ‘இருக்கிறேன்’ இப்போதைய நிலை. இரண்டு மொழியும் முன்பு நடந்த ஒன்றைச் சொல்லி இன்றைய நிலையைத்தான் தெரிவிக்கின்றன. பெர்னார்ட் காம்ரி என்ற மொழியியலாளர் வினை நோக்கு பற்றி 1976இல் எழுதிய நூலில் இந்த வடிவத்துக்கு நான்கு பயன்களைப் பிரித்துக் காட்டினார்: செயலின் விளைவு இன்றும் நிற்பது, வாழ்வில் ஒருமுறையேனும் நடந்த அனுபவம், அன்று தொடங்கி இன்றும் தொடர்வது, சற்றுமுன் நடந்தது. நம் ‘இருக்கிறது’ இந்த நான்கில் மூன்றைச் செய்கிறது. ‘மேஸ்திரி வந்திருக்காருங்க’ என்றால் அவர் இப்போது இங்கே இருக்கிறார்: ‘தி ஃபோர்மன் ஹேஸ் கம்’. ‘ரெண்டு தடவை வால்பாறை போயிருக்கறனுங்க’ என்றால் அனுபவம்: ‘ஐ ஹேவ் பீன் டு வால்பாறை ட்வைஸ்’. ‘இப்பத்தான் லாரி கெளம்பியிருக்கு’ என்றால் ‘தி லாரி ஹேஸ் ஜஸ்ட் லெஃப்ட்’. வால்பாறை வாக்கியத்தில் ‘கான்’ வராமல் ‘பீன்’ வந்திருப்பதைக் கவனிக்கவேண்டும். ‘அப்பா சென்னை போயிருக்காருங்க’ என்று தமிழில் சொன்னால், அவர் இப்போது வீட்டில் இல்லை என்றும் பொருள்படும், முன்பு ஒருமுறை போய்வந்தவர் என்றும் பொருள்படும். ஆங்கிலத்தில் போனவர் திரும்பவில்லை என்றால் ‘ஹேஸ் கான்’, போய்வந்துவிட்டார் என்றால் ‘ஹேஸ் பீன்’. அலுவலகத்தில் மேலாளரைக் கேட்டு வரும் அழைப்புக்கு ‘ஹி ஹேஸ் பீன் டு சென்னை’ என்று பதில் சொன்னால், அவர் உள்ளேதான் இருக்கிறார் என்று எண்ணிக் கேட்பவர் காத்திருக்கக்கூடும்.

வடிவமும் கருத்தும் இவ்வளவு ஒத்திருக்கும்போது, ஏன் ‘ஐ ஹேவ் சென்ட் எஸ்டர்டே’ தவறாகிறது? இரு மொழிகளும் பிரியும் முக்கியமான இடம் இது. தமிழில் ‘நேத்து அனுப்பியிருக்கறேன்’ என்று சொல்ல எந்தத் தடையும் இல்லை. காலையில் வாசல் நனைந்திருப்பதைப் பார்த்து ‘ராத்திரி மழை பேஞ்சிருக்கு’ என்று சொல்வதும் இயல்பு. பார்க்காத நிகழ்ச்சியைத் தடயத்திலிருந்து ஊகிக்கும் நுட்பமான பயன் அது. ஆங்கிலமோ ‘ஹேவ்’ உடன் நேற்று, போன வாரம், 2015இல், காலை பத்து மணிக்கு என்று முடிந்துபோன நேரத்தைச் சேர்க்க விடாது. ‘இட் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்’ என்று சிம்பிள் பாஸ்ட்டுக்குப் போய்விடவேண்டும். ஏன் இப்படி என்பது மொழியியலாளருக்கே எளிதில் விடைகிடைக்காத கேள்வி. வொல்ஃப்காங் கிளைன் 1992இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இதைப் புதிர் என்று அழைத்தார். அவருடைய ஜெர்மன் மொழியில் ‘ஹேவ்’ போன்ற வினையோடு நேற்று என்ற சொல் தாராளமாக வரும். பிரெஞ்சிலும் வரும். ஆக, இந்தப் பிழையைச் செய்யும்போது நாம் தனியாக இல்லை. பாதி ஐரோப்பா நம்மோடு இருக்கிறது. விதிவிலக்காக நிற்பது ஆங்கிலம்தான். இதைத் தெரிந்துகொள்வதில் ஒரு பயன் உண்டு. நம் மூளையில் ஏதோ குறை என்ற கூச்சம் போய், ஆங்கிலத்தின் ஒரு தனி வழக்கமாக இதை எடுத்துக்கொள்ள முடியும்.

வழக்கத்தைக் கைக்கொள்ள வணிகர்களுக்குப் பழகிய ஒரு கணக்கு உதவும். போன ஆண்டுப் பேரேட்டை மார்ச் 31இல் முடித்து வைத்தாயிற்று. இந்த ஆண்டுப் பேரேட்டில் இன்னும் பதிவு ஏறிக்கொண்டிருக்கிறது. வாக்கியத்தில் சொல்லும் காலம் முடித்த பேரேட்டைச் சேர்ந்தது என்றால் சிம்பிள் பாஸ்ட். நடப்புப் பேரேட்டைச் சேர்ந்தது என்றால் பிரசன்ட் பெர்ஃபெக்ட். ‘எஸ்டர்டே’, ‘லாஸ்ட் மன்த்’, ‘இன் 1981’ ஆகியவை முடித்தவை. ‘திஸ் மன்த்’, ‘சோ ஃபார்’, ‘சின்ஸ் 1981’ ஆகியவை நடப்பில் உள்ளவை. நேரமே சொல்லாவிட்டால், இன்றைக்கு அதனால் என்ன என்பதுதான் பேச்சு. அப்போதும் ‘ஹேவ்’ பெரும்பாலும் பொருந்தும். ஊர் வரலாற்றை வைத்தே இதைச் சோதித்துப் பார்க்கலாம். கோவை 1981இல் மாநகராட்சி ஆனது: ‘கோயம்புத்தூர் பிகேம் எ கார்ப்பரேஷன் இன் 1981’. அது இன்றும் மாநகராட்சிதான்: ‘கோயம்புத்தூர் ஹேஸ் பீன் எ கார்ப்பரேஷன் சின்ஸ் 1981’. திருப்பூர் 2009இல் தனி மாவட்டம் ஆனது. அதற்கு இந்த இரண்டு வாக்கியங்களையும் நீங்களே எழுதிப் பாருங்கள். ஆண்டு ஒன்றுதான், ‘இன்’ போட்டால் வினை ஒரு மாதிரி, ‘சின்ஸ்’ போட்டால் வேறு மாதிரி.

கொங்குப் பேச்சுக்கே உரிய ஒரு சிக்கலை இங்கே சொல்லவேண்டும். ‘அனுப்பிப்போட்டனுங்க’, ‘சொல்லிப்போட்டாரு’ என்று நாம் சொல்லும் ‘போடு’, மற்ற வட்டாரத்தார் சொல்லும் ‘விட்டேன்’ போன்றது. வேலை முழுதாக முடிந்தது என்று அழுத்திச் சொல்வது. சிலர் இதைக் கேட்டதும் ‘ஹேவ்’ போட்டுவிடவேண்டும் என்று பழகியிருக்கிறார்கள். ‘போட்டேன்’ என்பது செயல் முடிந்ததைச் சொல்கிறது; எந்தப் பேரேடு என்று சொல்லவில்லை. ‘நேத்தே அனுப்பிப்போட்டனுங்க’ என்றால் ‘ஐ சென்ட் இட் எஸ்டர்டே’. ‘அப்பவே அனுப்பிப்போட்டனுங்க, கவலைப்படாதீங்க’ என்றால் ‘ஐ ஹேவ் ஆல்ரெடி சென்ட் இட்’. இதைவிடக் கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. வீட்டில் செருப்பு மாட்டிக்கொண்டே ‘இதா வந்துட்டனுங்க’ என்று தொலைபேசியில் சொல்கிறோம். எதிர்காலத்தை விரைவு கருதி இறந்தகாலத்தால் சொல்லலாம் என்று நன்னூலே அனுமதி தந்திருக்கிறது, காலவழுவமைதி என்பார்கள். ஆங்கிலத்தில் அந்த அனுமதி கிடையாது. ‘ஐ ஹேவ் கம்’ என்று சொன்னால் வெளிநாட்டு விருந்தினர் விடுதி வாசலில் வந்து தேடுவார். ‘ஐ ஆம் ஆன் மை வே’ என்பதே பொருத்தம்.

நான்கு பயன்களில் விட்டுப்போன ஒன்று, தொடர்வது. காம்ரி சொன்ன பயன்களில் தமிழ் ‘இருக்கிறது’ பொதுவாக ஏற்காத ஒன்று இது. அதனால்தான் நம் பிழைகளில் மிகவும் பிடிவாதமானது இங்கே இருக்கிறது. ‘பத்து வருஷமா பீளமேட்டுல குடியிருக்கறனுங்க’ என்று தமிழ் எளிய நிகழ்காலத்தில் சொல்லும். அதை அப்படியே மாற்றினால் ‘ஐ ஆம் லிவிங் இன் பீளமேடு சின்ஸ் டென் இயர்ஸ்’ வரும். ஆங்கிலத்தில், முன்பு தொடங்கி இன்றும் நடக்கும் ஒன்றின் கால அளவைச் சொன்னால் ‘ஹேவ்’ கட்டாயம்: ‘ஐ ஹேவ் லிவ்ட் இன் பீளமேடு ஃபார் டென் இயர்ஸ்’ அல்லது ‘ஐ ஹேவ் பீன் லிவிங்’. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றிக் கையேடுகள் பக்கம் பக்கமாக எழுதும். குடியிருப்பு, வேலை போன்றவற்றில் எதைச் சொன்னாலும் குற்றமில்லை என்பதே போதும். தமிழில் ‘ல இருந்து’ என்ற ஒரே உருபு ‘ஃப்ரம்’, ‘சின்ஸ்’ இரண்டுக்கும் நிற்கிறது. ‘வருஷமா’ என்பதில் உள்ள ‘ஆ’ ஆங்கிலத்தில் ‘ஃபார்’. தொடங்கிய புள்ளியைச் சொன்னால் ‘சின்ஸ்’, நீளத்தைச் சொன்னால் ‘ஃபார்’. இந்தப் பிழை வெறும் அழகுக் குறை என்று ஒதுக்கவும் முடியாது. பிழைக்குப் பயந்து ‘ஐ வொர்க்ட் இன் எ ஃபவுண்டரி ஃபார் டென் இயர்ஸ்’ என்று தன்விவரக் குறிப்பில் எழுதினால், அந்த வேலையை விட்டுவிட்டார் என்று பொருள். ‘ஐ ஹேவ் வொர்க்ட்’ என்றால் இன்னும் அங்கே இருக்கிறார். ஒரு சொல் மாறினால் வேலையில் இருப்பவர் வேலை இல்லாதவர் ஆகிவிடுகிறார்.

எதிர்மறை வாக்கியங்களைப் பயிற்சி நூல்கள் கடைசியில் ஒரு வரியில் முடித்துவிடும். நமக்கு அங்கேதான் தடுமாற்றம் அதிகம். ‘பஸ் வரலீங்க’ என்ற வாக்கியத்தில் காலம் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. ‘வரவில்லை’ என்ற வடிவம் காலம் காட்டுவதில்லை. பக்கத்தில் நிற்கும் சொல்தான் காட்டுகிறது. ‘நேத்து வரல’ என்றால் ‘டிட் நாட் கம்’. ‘இன்னும் வரல’ என்றால் ‘ஹேஸ் நாட் கம் யெட்’. ‘நாளைக்கு நான் வரல’ என்றால் ‘ஐ ஆம் நாட் கமிங்’. வழக்கத்தைச் சொல்ல ‘இந்த வழியா பஸ் வர்றதில்லீங்க’ என்று வேறு வடிவம் உண்டு. அது ‘டஸ் நாட் கம்’. உடன்பாட்டில் இவ்வளவு கவனமாகக் காலம் பிரிக்கும் தமிழ், எதிர்மறையில் அதைப் பெரும்பாலும் உதறிவிடுகிறது. காந்திபுரம் பேருந்து நிலையத்தில் நிற்பவருக்கு இதனால் எந்தக் குழப்பமும் இல்லை. ஆங்கிலத்துக்கு மாறும்போது, உடன்பாட்டு வாக்கியத்தை முதலில் மனத்தில் சொல்லிப் பார்த்து, அதற்குரிய துணைவினையை எடுத்து, அதன்பின் ‘நாட்’ சேர்ப்பதே பாதுகாப்பான வழி. கேள்விகளுக்கும் இதே வழிதான். ‘சாப்டாச்சுங்களா?’ என்பதில் உள்ள ‘ஆச்சு’ இன்றைய நிலையைக் கேட்கிறது. ‘ஹேவ் யூ ஈட்டன்?’ என்பது அதற்கு நேரான ஆங்கிலம்.

இதுவரை சொன்னதற்கு மூன்று மறுப்புகள் எழலாம். தாய்மொழி வழியாக ஆங்கிலம் கற்பதே தவறு, ஆங்கிலத்திலேயே சிந்திக்கவேண்டும் என்று பேச்சு ஆங்கில வகுப்புகள் சொல்கின்றன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மேலே காட்டிய பிழைகள் ஒவ்வொன்றும் தமிழின் தடத்தில் துல்லியமாக விழுந்திருக்கின்றன. மொழிபெயர்ப்பு மனத்துக்குள் நடந்துகொண்டேதான் இருக்கிறது. அதை மறைத்து வைத்துத் தவறாகச் செய்வதைவிட, வெளியே எடுத்துச் சரியாகச் செய்வது மேல். பழகப் பழக இடையில் நிற்கும் தமிழ் தானாக விலகிவிடும். விலக்கச் சொல்லிக் கட்டளையிட்டால் விலகாது.

இரண்டாவது மறுப்பு கனமானது. இந்திய ஆங்கிலம் தனக்கென்று வழக்குகள் கொண்ட ஒரு தனி வகை என்று பிரஜ் கச்ரு போன்ற அறிஞர்கள் நிறுவியிருக்கிறார்கள். ‘ஐ ஆம் ஹேவிங்’ என்று நாடு முழுவதும் பேசுகிறார்கள், எல்லோருக்கும் புரிகிறது, அப்புறம் அது எப்படிப் பிழை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கோவையில் இரு இந்தியர் பேசிக்கொள்ளும்போது இதைத் திருத்திக்கொண்டிருப்பவர் நட்பை இழப்பார், வேறொன்றும் அடையமாட்டார். ‘எஸ்டர்டே’ உடன் ‘ஹேவ்’ வந்தாலும் பொருள் கெடுவதில்லை. அதை நடைப் பிழையாக மட்டும் கொள்ளலாம். ஆனால் பம்ப் வாக்கியத்திலும் ஃபவுண்டரி வாக்கியத்திலும் பொருளே மாறிவிடுகிறது. எனவே எல்லாப் பிழைக்கும் ஒரே எடை போடவேண்டாம். பொருள் மாறும் இடங்களை முதலில் சரிசெய்யுங்கள். வெளிநாடு போக ஐஇஎல்டிஎஸ் எழுதுபவர்களுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. அதன் எழுத்துத் தேர்விலும் பேச்சுத் தேர்விலும் மதிப்பிடும் நான்கு அளவுகோல்களில் ஒன்று இலக்கணம். கால் பங்கு மதிப்பெண் அதற்கு. பேச்சுத் தேர்வின் முதல் பகுதி பெரும்பாலும் வசிக்கும் ஊரிலும் செய்யும் வேலையிலும்தான் தொடங்கும். இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கேள்விகளுக்கான வினைகள்தான்.

சரவணம்பட்டி ஐ.டி. அலுவலகங்களில் வேலை செய்பவர்கள் மூன்றாவது மறுப்பைச் சொல்வார்கள்: எங்கள் அமெரிக்க வாடிக்கையாளரே ‘டிட் யூ சென்ட் இட் யெட்?’ என்று கேட்கிறாரே, ‘ஹேவ்’ எங்கே போயிற்று? உண்மைதான். ‘ஜஸ்ட்’, ‘ஆல்ரெடி’, ‘யெட்’ வரும் இடங்களில் அமெரிக்கர் சிம்பிள் பாஸ்ட்டையும் தாராளமாகப் பயன்படுத்துவார்கள்; பிரிட்டிஷார் அங்கே ‘ஹேவ்’ விரும்புவார்கள். ஆனால் இந்தத் தளர்வு ஒரு திசையில் மட்டுமே. ‘ஹேவ்’ வரவேண்டிய இடத்தில் அதை விடுவதற்கு அமெரிக்கர் இடம் தருகிறார். ‘எஸ்டர்டே’ உடன் ‘ஹேவ்’ சேர்ப்பதற்கு அவரும் இடம் தருவதில்லை. ‘ஃபார் டென் இயர்ஸ்’ தொடர்ச்சியிலும் இரு நாட்டாரும் ஒரே பக்கம்.

பயிற்சிக்குப் புதிய புத்தகம் எதுவும் வாங்கவேண்டாம். கடந்த ஒரு வாரத்தில் நீங்கள் அனுப்பிய ஆங்கில மின்னஞ்சல்களையும் வாட்ஸ்அப் செய்திகளையும் எடுத்து வையுங்கள். ‘ஹேவ்’, ‘ஹேஸ்’ வரும் ஒவ்வொரு வாக்கியத்திலும் முடிந்துபோன நேரச் சொல் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரண்டில் ஒன்றை நீக்குங்கள். ‘சின்ஸ்’, ‘ஃபார்’ வரும் இடத்தில் ‘ஹேவ்’ இருக்கிறதா என்று பாருங்கள். ‘வில்’ வரும் இடங்களில், சொல்ல வந்தது நாளைய செயலா அன்றாட வழக்கமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ‘நாட்’ வாக்கியங்களைக் கடைசியாக வையுங்கள். அவற்றுக்கு நேரம் பிடிக்கும். திருத்தியதைச் சத்தமாக இரண்டு முறை படியுங்கள். அடுத்த வாரமும் இதையே செய்யுங்கள், பழைய வாரத்தின் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.